கஞ்சிக்கோட்டு விரிசல் வகுப்பு: போகலாமா, வேண்டாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட ஒரு சான்றிதழ் வேண்டும், அதைக் காட்டி வளைகுடாவில் வேலை தேட வேண்டும் என்று நினைப்பவர்கள் ஹெலிகாப்டர் விரிசல் பற்றிய இந்த இரண்டு நாள் வகுப்புக்குப் போக வேண்டாம். கடைசியில் கொடுக்கும் தாளில் 'கலந்துகொண்டார்' என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. விமானத் துறையில் அது செல்லாது. அதை அவர்களே முதல் நாள் காலையில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் டிபி (சாயம் ஊற்றி), எம்பிஐ (காந்தத்தால்), யூடி (கேளா ஒலியால்) என்று விரிசல் தேடியே சம்பளம் வாங்கும் என்னைப் போன்றவர்களுக்கு, மாநில எல்லையான வாளையாருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நான் பார்த்த வகுப்புகளில் இதுதான் உருப்படி.

இடம் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் ஒரு ஷெட். சனி, ஞாயிறு இரண்டு நாள். நடத்துபவர் விமானப்படையில் ஹெலிகாப்டர் ஏர்ஃப்ரேம் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் சித்தூர் தாலுகாத் தமிழர். (ஆந்திராச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர். நான் கொழிஞ்சாம்பாறைக்காரி, இதை விளக்கியே பாதி ஆயுள் போகிறது.) பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே 'சார்' என்றே எழுதுகிறேன். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஆள் யார் என்று தெரியும்.

வகுப்பின் பொருள் ஹெலிகாப்டர் கட்டமைப்பில் உலோகச் சோர்வும் (திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் விசையில் விரிசல் விடுவது) டேமேஜ் டாலரன்ஸும் (விரிசல் இருக்கிறது என்று வைத்தே போடும் பாதுகாப்புக் கணக்கு). நான் பார்ப்பதோ பம்பு காஸ்டிங், வால்வு பாடி, எப்போதாவது காற்றாலை போல்ட். எனக்கும் ஹெலிகாப்டருக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டிலேயே கேட்டார்கள். போய் வந்த பிறகு சொல்கிறேன், சோர்வு விரிசலைப் படிக்க ஹெலிகாப்டரைவிடக் கறாரான பாடப்பொருள் கிடைக்காது.

முதல் மணி நேரத்திலேயே யாராவது குன்னூர் ஹெலிகாப்டர் விபத்தைக் கேட்பார்கள். இந்த முறை கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் கேட்டான். சூலூரிலிருந்து கிளம்பிய எம்ஐ-17வி5, 2021 டிசம்பர் 8. சார் சுருக்கமாக முடித்துவிட்டார்: விசாரணையில் இயந்திரக் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டார்கள், எதிர்பாராமல் மாறிய வானிலையில் மேகத்துக்குள் போய்த் தரையில் மோதியது என்பதுதான் முடிவு. "அது நம்ம பாடம் இல்லீங்க தம்பி" என்று சொல்லிவிட்டு பிளேடு பக்கம் திரும்பினார். எனக்கு இது பிடித்திருந்தது. எல்லா விபத்தையும் தன் பாடத்துக்குள் இழுத்துப் போடாத வாத்தியாரை நம்பலாம்.

எம்ஐ-17இன் பெரிய ரோட்டர் (தலைக்கு மேல் பிளேடுகளோடு சுழல்வது) நிமிடத்துக்குச் சுமார் 192 சுற்று சுற்றும். ஒரு மணி நேரத்துக்கு 11,520. ஆயிரம் மணி நேரம் பறந்தால் 1 கோடியே 15 லட்சம் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிளேடு ஒரு பக்கம் காற்றை எதிர்த்துப் போகிறது, மறு பக்கம் காற்றோடு போகிறது. அதனால் அதன் மேல் விழும் விசை ஏறி இறங்குகிறது, பிளேடு வளைந்து நிமிர்கிறது. பயணிகள் விமானத்தின் உடம்புக்கு அப்படி இல்லை. ஒரு தடவை மேலே போய் இறங்கினால் கேபின் காற்றழுத்தத்தால் ஒரு பெரிய சுழற்சி, ஒரு நாளைக்குச் சில தடவை, அவ்வளவுதான். அதனால் விமானத்தில் ஒரு விரிசல் கண்ணுக்குத் தெரியும் அளவிலிருந்து ஆபத்தான அளவுக்கு வளர மாதங்கள், சில இடங்களில் வருடங்கள் ஆகலாம். ரோட்டரில் அதே வளர்ச்சி சில பத்து மணி நேரப் பறப்பில் முடிந்துவிடலாம். 'விரிசல் இருந்தால் இருக்கட்டும், அடுத்த சோதனைக்குள் பிடித்துவிடுவோம்' என்கிற டேமேஜ் டாலரன்ஸ் வழி ஹெலிகாப்டருக்குத் தாமதமாக வந்ததற்கு இதுதான் காரணம்.

அதுவரை என்ன செய்தார்கள்? சேஃப் லைஃப். பாகத்தைச் சோதனை மேடையில் பூட்டி, உடையும் வரை ஆட்டி, எவ்வளவு விசைக்கு எத்தனை ஆட்டத்தில் உடைகிறது என்று வரைந்த கோட்டைப் பாதுகாப்புக்காக நன்றாகக் கீழே இறக்கி, இத்தனை மணி நேரம் ஆனதும் கழற்றி எறி என்று லாக் கார்டில் எழுதிவிடுவார்கள். புதிது மாதிரி பளபளவென்று இருந்தாலும் சரி, மணி முடிந்தால் குப்பை. குப்பையிலும் அப்படியே போடக்கூடாது, திரும்ப யாரும் எடுத்துப் பூட்ட முடியாதபடி அறுத்துப் போட வேண்டும். சார் அப்படி அறுத்த ஒரு துண்டை மேசையில் வைத்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் படம் எடுத்துப் போட விடமாட்டார்.

இந்த முறையின் ஓட்டை, பாகம் கீறலில்லாமல், துருவில்லாமல், வரைபடத்தில் உள்ளபடியே இருக்கிறது என்று நம்புவது. 1969 டிசம்பர் 22 அன்று அமெரிக்க விமானப்படையின் எஃப்-111 ஒன்றில் இறக்கை கழன்று விழுந்தது. அது பறந்திருந்தது நூறு மணி நேரத்தைச் சற்றே தாண்டித்தான். இறக்கை திரும்பும் எஃகுப் பாகத்தில் ஃபோர்ஜிங் (காய்ச்சி அடித்து உருவாக்கும்) சமயத்திலேயே ஒரு குறை இருந்து, எல்லாச் சோதனைகளையும் தாண்டி வந்துவிட்டது. அதற்கு அப்புறம்தான் அவர்கள் எதிர்த் திசையிலிருந்து யோசிக்க ஆரம்பித்தார்கள்: புதுப் பாகத்திலேயே விரிசல் இருக்கிறது என்று வைத்துக்கொள், அங்கிருந்து கணக்குப் போடு. 1974இல் அது ராணுவ விதியானது. பெரிய ஹெலிகாப்டர்களுக்கான அமெரிக்க சிவில் விதியில் கீறல், துருக்குழி போன்ற குறைகளையும் கணக்கில் எடு என்பது 1989இல் நுழைந்தது. 2011 கடைசியில் உலோகத்துக்கும் காம்போசிட்டுக்கும் (நாரும் பிசினும் சேர்ந்த பொருள்) தனித்தனியாக இன்னும் இறுக்கினார்கள்.

ஒரு கணக்கு சொன்னார், வகுப்பே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. 1980இல் அமெரிக்க ஹெலிகாப்டர் சங்கம் ஒரு பிட்ச் லிங்க்கை (பிளேடின் கோணத்தை மாற்றும் தண்டு) கற்பனையாக வைத்து, ஒரே சோதனைத் தரவு, ஒரே சுமை விவரம் கொடுத்து, ஹெலிகாப்டர் கம்பெனிகளிடம் ஆயுள் கேட்டது. ஒருவர் 9 மணி நேரம் என்றார். இன்னொருவர் 2,594 மணி நேரம் என்றார். யாரும் கூட்டல் பிழை செய்யவில்லை. கோட்டை எவ்வளவு கீழே இறக்குவது, சுழற்சிகளை எப்படி எண்ணுவது என்ற முடிவுகள்தான் வேறு வேறு. 'டிசைன் ஆபீஸ் சொல்லிவிட்டது' என்றால் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் இந்தக் கதைக்காகவே ஒரு தடவை போகலாம்.

சாருடைய பழைய வேலையிலிருந்து வந்தவற்றில் எனக்கு அதிகம் பிடித்தது எம்ஐ-17 பிளேடின் காற்று. பிளேடுக்குள் நீளமாக ஓடும் அலுமினிய ஸ்பார் (முதுகெலும்பு மாதிரியான தண்டு) உள்ளே குழாய் மாதிரி கூடாக இருக்கும். அதில் காற்றை அழுத்தத்தில் அடைத்து மூடியிருப்பார்கள். ஸ்பாரில் எங்கே விரிசல் விழுந்து துளைத்தாலும் காற்று கசியும், அழுத்தம் இறங்கும், பிளேடின் அடிப்பக்கத்தில் உள்ள காட்டியில் சிவப்பு தெரியும். பறக்கும் முன் அண்ணாந்து ஐந்து பிளேடையும் பார், சிவப்பு இருந்தால் வண்டி எழும்பாது. கம்ப்யூட்டர் வேண்டாம், கரன்ட் வேண்டாம், முக்கியமாக என்னைப் போன்ற இன்ஸ்பெக்டரும் வேண்டாம். டேமேஜ் டாலரன்ஸ் என்ற பெயர் பரவுவதற்கு முன்பே ரஷ்யர்கள் இதைச் செய்துவிட்டார்கள் என்பதில் சாருக்கு அப்படி ஒரு பெருமை, ஏதோ அவரே செய்தது மாதிரி.

இனி செய்முறைக்கு வருகிறேன். காசு கொடுத்ததற்கு அதுதான் மதிப்பு.

ஷெட்டின் மூலையில் நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடும் ஒரு மோட்டார், அதில் எக்சென்ட்ரிக் (மையம் தள்ளிப் பூட்டிய சக்கரம்), அது ஆட்டும் ஒரு கிடுக்கி. கிடுக்கியில் 2 மி.மீ. அலுமினியப் பட்டை, நடுவில் துளை, துளையின் ஓரத்தில் ரம்பத்தால் ஒரு சின்னக் கீறல். மோட்டாரைப் போட்டுவிட்டு, குறிப்பிட்ட இடைவெளியில் நிறுத்தி, அளவுகோல் பொறித்த லென்ஸால் விரிசலின் நீளத்தைப் பார்த்து, வரைபடத் தாளில் புள்ளி வைக்க வேண்டும். எல்லோருக்கும் முறை வரும். முதல் பாதியில் பொறுமை போய்விடும். புள்ளிகள் தரையோடு தரையாகப் படுத்தே கிடக்கும். "ஒண்ணும் நடக்கல சார்" என்று பையன்கள் கைபேசியை எடுக்க ஆரம்பித்தார்கள். அப்புறம் கோடு தலையைத் தூக்கியது. விரிசல் நீளமாக ஆக அதன் முனையில் விசை கூடுகிறது, விசை கூடக் கூட ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதிக தூரம் கிழிகிறது. அமெரிக்கரான பால் பாரிஸ் 1960களில் எழுதிய சூத்திரம் இதுதான். பலகையில் அதை எழுதுவதற்கு முன்பே எங்கள் தாளில் அது வந்துவிட்டது. கடைசிப் பகுதியைப் பார்க்க முடியவில்லை. எல்லோரும் டீ குடிக்கப் போன நேரத்தில் பட்டை உடைந்துவிட்டது. எல்லா வகுப்பிலும் டீ நேரத்தில்தான் உடைகிறதாம், டீ நேரத்தை அவர் அப்படித்தான் வைக்கிறார் என்பது என் சந்தேகம்.

உடைந்த முகத்தை லென்ஸில் பார்த்தால், துளை ஓரத்திலிருந்து விசிறி மாதிரி வரிகள். இடையில் வேண்டுமென்றே சுமையைக் கூட்டிக் குறைத்து அந்த வரிகளை வரவழைத்திருந்தார். வரி முடிந்த இடத்துக்கு அப்பால் சொரசொரப்பாக, ஒரே அடியில் கிழிந்த பகுதி. எங்கே ஆரம்பித்தது, எவ்வளவு காலம் மெதுவாக நடந்தது, எப்போது தாங்காமல் போனது எல்லாம் அந்த முகத்திலேயே இருக்கிறது. காஸ்டிங் உடைந்து வந்தால் முதலில் முகத்தைத் துணியால் துடைக்கும் பழக்கம் பல ஷாப்புகளில் உண்டு. அவர்களை எல்லாம் இங்கே அனுப்பி வைக்கலாம்.

ஞாயிறு காலையில் கண்கட்டுப் பரீட்சை. கண்ணைக் கட்டமாட்டார்கள், பதிலை மறைத்து வைத்திருப்பார்கள். ஒரு தட்டு நிறைய எண் பொறித்த உலோகத் துண்டுகள். சிலவற்றில் விரிசல், சிலவற்றில் ஒன்றுமில்லை. டிபி கிட் எடுத்து ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து, எதில் இருக்கிறது, எத்தனை மி.மீ. என்று எழுதித் தர வேண்டும். நான் போனது வெயில் மாதம். தகரக் கூரை. பாலக்காட்டு வெயிலில் கிடந்த இரும்பு 50 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், அந்தச் சூட்டில் பெனட்ரன்ட் (டிபி சாயம்) விரிசலுக்குள் இறங்குவதற்கு முன்பே காய்ந்துவிடும். துண்டுகளை முன்னிரவே உள்ளே எடுத்து வைத்திருந்தார். கதவைச் சாத்தச் சொன்னதும் காற்றுக்காக. கணவாய்க் காற்றில் டெவலப்பர் (சாயத்தை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளைப் பொடி) அடித்தால் பாதி பக்கத்து வீட்டுக்குப் போகும். இந்த ஊரில் வேலை செய்தவருக்குத்தான் இதெல்லாம் தெரியும்.

அதற்கு முன் என்னைக் கேட்டார்: "அம்மிணி, நீங்க இதுவரைக்கும் புடிச்சதுலயே சின்ன விரிசல் எத்தன?" பெருமையாகச் சொன்னேன். "சரி. உங்க கண்ணுக்குத் தப்பிப் போகக்கூடிய பெரிய விரிசல் எத்தன?"

இந்தக் கேள்விக்குப் பதில் எந்தக் கோர்ஸிலும் சொல்லித் தரவில்லை. பரீட்சைத் தாள்களைத் திருத்தி, யார் எதை விட்டார் என்று பெயர் சொல்லாமல், எல்லோருடைய பதிலையும் ஒரே படத்தில் போட்டார். விரிசலின் நீளம் கீழே, எத்தனை பேர் பிடித்தார்கள் என்பது மேலே. சின்னதில் யாரோ ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார், நடுத்தரத்தில் பாதிப் பேர், பெரிதில் ஏறக்குறைய எல்லோரும். ஏறக்குறைய. நல்ல பெரிய ஒன்றையும் ஒருவர் விட்டிருந்தார். டேமேஜ் டாலரன்ஸ் கணக்கு தொடங்கும் இடம் இந்த வளைவுதான். நூறில் 90 தடவை பிடிபடும், அதையும் 95 சதவீத உறுதியோடு சொல்ல முடியும் என்ற அளவை எடுத்துக்கொள்வார்கள். அந்த அளவு விரிசல் இப்போதே இருக்கிறது, நாம் பார்க்காமல் விட்டுவிட்டோம் என்று வைத்து, அது ஆபத்தான நீளத்துக்கு வளர எத்தனை மணி நேரம் என்று பாரிஸ் சூத்திரத்தில் போடுவார்கள். வந்த விடையை இரண்டாலோ மூன்றாலோ வகுத்தால் சோதனை இடைவெளி. அதாவது விரிசல் முழுதாக வளர்வதற்குள் குறைந்தது இன்னொரு தடவையாவது நம் கண்ணில் பட வாய்ப்பு இருக்க வேண்டும். அந்த இடைவெளி 5 மணி நேரம், 10 மணி நேரம் என்று வந்தால் நடைமுறைக்கு ஆகாது. அப்போது பாகத்தையே கனமாக்க வேண்டும், அல்லது விசையைக் குறைத்து, கீறல் இருந்தாலும் வளரவே வளராத எல்லைக்குள் வைக்க வேண்டும். ஹெலிகாப்டர் டிசைனர்கள் பல இடங்களில் போகும் வழி இந்தக் கடைசி வழிதான்.

பார்த்தாலும் தெரியாத இடம் என்றால்? இதற்குத்தான் ஞாயிறு மதியம் முழுதும் சூப்பர் பூமா ஹெலிகாப்டர் குடும்பத்தின் கதை.

2009 ஏப்ரல் 1, ஸ்காட்லாந்துக் கடலில் ஏஎஸ்332 எல்2 ஹெலிகாப்டர் ஒன்றின் பெரிய கியர்பாக்ஸ் உடைந்து ரோட்டரே தனியாகப் போனது. 16 பேர் இறந்தார்கள். 2016 ஏப்ரல் 29, நார்வேயில் பெர்கன் நகருக்குப் பக்கத்தில் அதே குடும்பத்து இசி225. மறுபடி ரோட்டர் கழன்றது, 13 பேர். இரண்டிலும் கியர்பாக்ஸின் இரண்டாம் கட்டத்துப் பிளானட் கியரில் (நடுக் கியரைச் சுற்றி வரும் சின்னக் கியர்) சோர்வு விரிசல். அந்தக் கியரின் வெளிப்பக்கம் பல், உள்பக்கமே உருளைகள் ஓடும் தடம். கியர்பாக்ஸுக்குள் மூடிக் கிடப்பது, யாரும் தினமும் கழற்றிப் பார்க்கப் போவதில்லை. நம்பியது எண்ணெயில் இருக்கும் காந்தத்தை. தடத்தின் மேற்பரப்பு உதிர்ந்தால் இரும்புச் சில்லு வரும், காந்தத்தில் ஒட்டும், விளக்கு எரியும். 2009இல் விபத்துக்குச் சுமார் 36 பறப்பு மணி நேரத்துக்கு முன்பு ஒரே ஒரு சில்லு கிடைத்தது, அதன் பொருள் பிடிபடவில்லை. கியர்பாக்ஸுக்குள்ளேயே வேறு காந்த வளையமும் இருந்தது, சில்லுகளைக் காட்டிக்கு வரவிடாமல் அது பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு அதை எடுக்கச் சொன்னார்கள். 2016இல் நிலைமை இன்னும் மோசம். தடத்தின் மேல் ஒரு நுண்ணிய குழியிலிருந்து கிளம்பிய விரிசல் மேற்பரப்புக்கு அடியிலேயே வளர்ந்து கியரைப் பிளந்தது. காந்தம் எச்சரிக்கும் அளவுக்குச் சில்லு உதிரவே இல்லை. நார்வே விசாரணை அறிக்கை 2018இல் வந்தது. இரண்டு சப்ளையர்களின் கியர் புழக்கத்தில் இருந்தது, விபத்தில் சிக்கிய வகையை விலக்கி, மற்றதற்கும் ஆயுளைக் குறைத்தார்கள்.

சார் இதைச் சொல்லும்போது குரலை உயர்த்தவில்லை, படங்களும் அதிகம் காட்டவில்லை. கியரின் குறுக்குவெட்டைப் பலகையில் வரைந்து, 'இங்கே டிபி? எம்பிஐ? எடி கரன்ட்?' என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டே வந்தார். யாராலும் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை.

2009 மார்ச் 12, கனடாவில் விழுந்த எஸ்-92 ஹெலிகாப்டர் பற்றியும் கொஞ்சம் பேசினார். 18 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். எண்ணெய் ஃபில்டர் கிண்ணத்தைப் பிடித்திருந்த டைட்டானியம் ஸ்டட்கள் (தலையில்லாத போல்ட்) சோர்வில் உடைந்து கியர்பாக்ஸ் எண்ணெய் கொட்டிவிட்டது. ஃபில்டர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் நட்டைக் கழற்றி மாட்டியதில் மரை தேய்ந்து பிய்ந்திருந்தது. அதற்கு முந்தின ஆண்டு ஆஸ்திரேலியாவில் இதே ஸ்டட் உடைந்து, அந்த ஹெலிகாப்டர் பத்திரமாக இறங்கியிருந்தது. டைட்டானியத்துக்குப் பதிலாக எஃகு ஸ்டட் போட அதற்குப் பிறகு சொல்லியிருந்தார்கள், மாற்றக் கொடுத்த அவகாசம் முடிவதற்குள் கனடா விபத்து. கொழிஞ்சாம்பாறை போர்வெல் ரிக் வண்டி ஃபிட்டர் ஒருவர் வகுப்பில் இருந்தார், அவர்தான் இதில் அதிகம் கேள்வி கேட்டார்.

குறைகள். நிறைய உண்டு.

காம்போசிட் பகுதி மிகவும் மெலிவு. இன்றைக்கு துருவ் உட்படப் புது ஹெலிகாப்டர் பிளேடுகள் எல்லாம் நாரும் பிசினும்தான். அதில் சோர்வு வேறு மாதிரி: அடுக்கு பிரிவது, வெளியே தெரியாத அடி, ஈரம் ஏறுவது. கடைசி அரை மணி நேரத்தில் காசைத் தட்டிப் பார்க்கும் முறையைக் காட்டிவிட்டு மூடிவிட்டார். துருவ் பற்றிக் கேட்டபோதும், 2023 மார்ச்சில் நெடும்பாசேரியில் கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் விழுந்ததையும், 2025 ஜனவரியில் போர்பந்தரில் நடந்ததையும் மட்டும் குறிப்பிட்டு நிறுத்திக்கொண்டார். நம்ம ஊர் ஹெலிகாப்டர் என்பதால் அதைத்தான் விரிவாகக் கேட்க ஆசை.

கணக்கு தெரியாதவர்களுக்குச் சனி மதியம் நரகம். லாகரிதம் தாள் எதற்கு என்று விளக்காமலே அதில் புள்ளி வைக்கச் சொல்கிறார். பக்கத்தில் இருந்த மலையாளி சேச்சி முயற்சியைக் கைவிட்டு என் தாளைப் பார்த்து எழுதினார். கொடுக்கும் குறிப்புகள் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்தவை, படங்கள் கறுப்புத் திட்டு. பெண்களுக்குக் கழிப்பறை பக்கத்து யூனிட்டில், சாவி வாங்கிப் போக வேண்டும். இதைச் சொன்னேன், அடுத்த முறை சரி செய்வதாகச் சொன்னார்.

சாப்பாடு பற்றி ஒரு புகாரும் இல்லை. காலையில் ராமசேரி இட்லி பொடியோடு, மதியம் மட்டை அரிசிச் சோறு. கட்டணம் இரண்டு நாளுக்கும் சாப்பாட்டோடு 3,500 ரூபாய். கோயம்புத்தூரில் இதே தலைப்பில் ஏசி ஹாலில் ஸ்லைடு ஓட்டுபவர்கள் இதைப்போல் மூன்று மடங்கு வாங்குகிறார்கள், அங்கே உடைக்க ஒரு பட்டை கிடையாது.

போய் வந்த பின் என் ரிப்போர்ட்டில் ஒரு வரி சேர்க்க ஆரம்பித்தேன்: இந்த முறையில், இந்த மேற்பரப்பில், இந்த நீளத்துக்குக் கீழே உள்ள விரிசல் தப்பியிருக்கலாம். எங்கள் மேனேஜர் அதைப் படித்துவிட்டு, "இத எழுதினா கஸ்டமர் பயந்துருவாரும்மா" என்றார். இரண்டு கஸ்டமர்கள் பயந்தார்கள். ஒருவர் போன் செய்து, அப்படியானால் எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று கேட்டார். பாகத்தின் மேல் வரும் சுமையும் ஓடும் மணி நேரமும் கேட்டிருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை.

யார் போகலாம்: என்டிடி (பாகத்தை உடைக்காமல் குறை தேடும் சோதனை) லெவல் டூ முடித்து சில வருடம் வேலை பார்த்தவர்கள், பராமரிப்பு ஃபிட்டர்கள், மெக்கானிக்கல் கடைசி வருட மாணவர்கள். இப்போதுதான் டிபி கற்றுக்கொள்கிறவர்கள் இன்னும் ஒரு வருடம் கழித்துப் போகட்டும். பேருந்தில் வருபவர்கள் வாளையார் வழியாகப் பாலக்காடு போகும் வண்டியில் ஏறி கஞ்சிக்கோட்டில் இறங்கினால் ஆட்டோ கிடைக்கும், ஞாயிறு மட்டும் காத்திருக்க வேண்டும். அடுத்த வகுப்பு ஓணம் கழித்து என்று கேள்வி. காம்போசிட்டுக்குத் தனியாக ஒரு நாள் வைத்தால் நான் மறுபடி காசு கட்டிப் போவேன், வைக்காவிட்டால் ஒரு தடவை போதும்.